முள்ளோடைச் சாவடியும் ஒரு கிளாஸ் பியரும்

1

நாற்பதை நெருங்கும் வயதில், போன அக்டோபரில், 1989-இல், ஒரு சனிக்கிழமை மத்தியானம், வாழ்க்கையில் முதல் முறையாக பியர் குடித்தேன். ஊரில் இதைப் படிக்கிறவர்களில் சிலர் முகம் சுளிப்பார்கள். பாகூர்ப் பக்கத்துக்காரர்கள் சிலர், "அவளா? அவள் அப்போதே குடித்தவளாயிற்றே" என்பார்கள். இந்த இரண்டாவது கூட்டத்தை மனதில் வைத்துத்தான் எழுதுகிறேன்.

நான் நர்ஸ் வேலை பார்ப்பது வடக்கு இங்கிலாந்தில் ஒரு சின்ன ஊர். ஒரு காலத்தில் கம்பளி ஆலைகளை நம்பிப் பிழைத்த ஊர். இப்போது பாதி ஆலைகளுக்குப் பூட்டு. என் வார்டில் கூட வேலை பார்க்கும் மோரீனுடைய கணவர் பிரையனும் அப்படி வேலை போனவர்தான். சும்மா உட்கார்ந்திருக்கப் பிடிக்காமல், மூடிக் கிடந்த சாயக் கொட்டகை ஒன்றை வாடகைக்குப் பிடித்து, நாலைந்து பீப்பாய்களை வைத்துக்கொண்டு சொந்தமாக பியர் காய்ச்ச ஆரம்பித்தார். பெரிய கம்பெனி பியரெல்லாம் இப்போது சோடாத் தண்ணீர் போல் ஆகிவிட்டது, பழைய முறையில் செய்து காட்டுகிறேன் என்பது அவர் பேச்சு.

அதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. ஒருநாள் சாப்பாட்டு இடைவேளையில் மோரீன், "உன் சூ எவ்வளவு கெட்டிக்காரி தெரியுமா! சனிக்கிழமை சனிக்கிழமை வந்து பிரையனுக்கு எவ்வளவு உதவி செய்கிறாள்" என்றாள்.

சூ என்பது என் மகள் சுதா. வயது பதினைந்து. சனிக்கிழமை நூலகத்துக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டுத்தான் வீட்டை விட்டுக் கிளம்புவாள்.

அன்று மாலை அவள் பள்ளிக்கூடப் பையை வைப்பதற்குள் கேட்டேன்.

"சனிக்கிழமை எங்க போற?"

"லைப்ரரி."

"இன்னொரு வாட்டி சொல்லு."

அவளுக்குப் புரிந்துவிட்டது. ஆங்கிலத்துக்கு மாறினாள். பாட்டிலில் லேபிள் ஒட்டுவதுதான் வேலை, ஒரு சொட்டும் குடித்ததில்லை, குடித்தால்தான் என்ன, இங்கே எல்லோர் வீட்டிலும் இருக்கிறது, நீ மட்டும் ஏன் அந்தப் பெயரைக் கேட்டாலே பேயைப் பார்த்தவள் மாதிரி ஆகிறாய் என்றாள்.

அறைந்துவிட்டேன். பெற்ற நாள் முதல் அவள் மேல் கை வைத்ததில்லை. அவள் அழவில்லை. மாடிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். பத்து நாளைக்கு மேல் எங்களுக்குள் பேச்சு இல்லை. சாப்பாட்டு மேசையில் உப்பு வேண்டுமென்றாலும் அப்பாவிடம் கேட்டுத்தான் வாங்கிக்கொள்வாள். என் கணவர் செல்வராஜ் வில்லியனூர்க்காரர், தபால் பிரிக்கும் இடத்தில் வேலை. அவர் எங்கள் இருவருக்கும் நடுவில் உப்புக் கிண்ணத்தைப் பிடித்தபடி, "இன்னாதான் ஆச்சி உங்களுக்கு?" என்பார். 

மோரீன் சங்கடப்பட்டாள். "நீயே ஒரு தடவை வந்து பார். ஒளிக்கிற மாதிரி அங்கே ஒன்றும் இல்லை" என்று கூப்பிட்டாள். போகலாம், போய் மகளைக் கையோடு கூட்டி வந்துவிடலாம், அதோடு இந்த வேலைக்கு ஒரு முழுக்குப் போட்டுவிடலாம் என்று முடிவு செய்துகொண்டுதான் போனேன்.

கொட்டகைக்குள் நுழைந்ததும் வெந்த தானியத்தின் வாசனை. புழுங்கல் நெல் அவிக்கிற வாடைக்குப் பக்கத்தில் வரும், ஆனால் அது இல்லை. சுவரோரம் ஒரு நீள மேசை. சுதா என்னைப் பார்த்தும் பார்க்காதவள் போல் லேபிள் ஒட்டிக்கொண்டிருந்தாள். அதில் ஒரு யானை, இரண்டு தென்னை, நடுவில் பெரிய எழுத்தில் 'இந்தியா'.

பிரையன் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். அந்தக் காலத்தில் இங்கிருந்து கப்பலில் இந்தியாவுக்கு அனுப்பிய பியர் இது, மாதக்கணக்கில் கடலில் கிடந்தாலும் கெடாமல் இருக்க ஹாப்ஸ் என்கிற கொடிப்பூவைக் கை தாராளமாகப் போடுவார்கள், அதே மாதிரி செய்திருக்கிறேன் என்றார். புதுப் பீப்பாயை அன்றுதான் திறக்கிறாராம். மோரீனின் சொந்தக்காரர்கள் ஏழெட்டுப் பேர் கிளாஸோடு நின்றார்கள்.

"இந்தியாவிலிருந்து வந்தவர் இங்கே இருக்கும்போது முதல் கிளாஸ் வேறு யாருக்குக் கொடுப்பது?" என்று என்னிடம் நீட்டினார்.

எல்லோரும் சிரித்தபடி என்னைப் பார்த்தார்கள். நான் கிளாஸை வாங்கவில்லை. சுதா லேபிளைக் கீழே வைத்துவிட்டு, "அம்மா குடிக்க மாட்டாங்க, பிரையன். எங்க வீட்டில் அந்தப் பேச்சே கிடையாது" என்றாள். குரலில் கிண்டல். அறைக்குப் பதில் அறை.

கிளாஸை வாங்கிவிட்டேன். வாங்கினேனே தவிர, குடிக்காமல் கையிலேயே வைத்திருந்தேன். பியர் என்றாலே எனக்கு ஆகாது.

2

ஏன் என்று சொல்கிறேன்.

எங்கள் ஊர் பாகூர் ஏரிக்குத் தெற்கே. அப்பா ரங்கசாமிக்குக் கொஞ்சம் நெல், கொஞ்சம் கரும்பு. எனக்குப் பத்தொன்பது வயதில் மஞ்சக்குப்பத்து மாப்பிள்ளை ஒருவரைப் பேசி முடித்தார்கள். ஏதோ அரசாங்க ஆபீசில் குமாஸ்தா. அவரை ஒரே ஒரு தடவை, பெண் பார்க்க வந்தபோது பார்த்தேன். கல்யாணம் அவர்கள் வீட்டில். முதல் நாள் பெண்ணை அழைத்துப் போவார்கள்.

அப்போதெல்லாம் நம் பக்கம் பியரும் பிராந்தியும் கடையில் வைத்து விற்பார்கள். முள்ளோடையோடு பாண்டிச்சேரி எல்லை முடிகிறது; அதைத் தாண்டினால், மஞ்சக்குப்பம் உட்பட, மதுவிலக்கு. பாட்டிலோடு பிடித்தால் போலீஸ், கோர்ட்டு. தேதி குறித்துவிட்டுக் கிளம்பும்போது மாப்பிள்ளையின் அப்பா செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னார்: "பையனோட ஆபீசர் வராரு. உங்க பக்கத்து சரக்கு நாலு பாட்டிலு, பீரா இருந்தா போதும், எடுத்தாந்துடுங்க. நாங்க கேட்டதா யாருக்கும் தெரிய வாணாம்." அப்பா தலையாட்டினார். சமையலறைக் கதவுக்குப் பின்னால் நின்ற எனக்கு நன்றாகக் கேட்டது.

பாட்டில்களை வாங்கி வந்தது என் தாய்மாமன் கோவிந்தன். வைக்கோல் சுற்றி மூங்கில் கூடைக்கு அடியில் வைத்தார். மேலே வாழைச்சருகு, அதற்கு மேல் முறுக்கும் அதிரசமும். மாப்பிள்ளையின் அண்ணன் ஒரு காரில் வந்து முன்னால் உட்கார்ந்திருந்தார். அம்மாவும் மற்றவர்களும் பின்னால் பஸ்ஸில். காரின் பின் சீட்டில் நான், அப்பா, மாமா. மாமா அந்தக் கூடையை என் காலடியில் தள்ளினார்.

"இங்க ஏன் மாமா?"

"சும்மா இரும்மா. கல்யாணப் பொண்ணு காலாண்ட எவனும் கைய வுடமாட்டான்."

அப்பா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

கிருமாம்பாக்கம் கடந்தது. கன்னியக்கோயில் கடந்தது. ஒவ்வொரு பள்ளத்திலும் பாட்டில் ஒன்றோடொன்று இடிக்கிற சத்தம் புடவைக்கு அடியிலிருந்து வந்தது. பாதத்தால் கூடையை அழுத்திக்கொண்டேன். பட்டுப் புடவைக்குள் வியர்வை ஊற்றியது. முன் சீட்டுக்காரர் பெட்ரோல் வாசனையில் தலை வலிக்கிறது என்று பேசிக்கொண்டு வந்தார். அவருக்கும் அந்தச் சத்தம் கேட்டிருக்கும்.

முள்ளோடைக்கு அப்பால் போலீஸ் சோதனைச் சாவடி. குறுக்கே மூங்கில் கழி, ஒரு கீற்றுக் கொட்டகை. பஸ் வரிசையில் பின்னால் நின்றது. மாமா, "சாமானுங்கள பாத்துட்டு வரேன்" என்று இறங்கிப் பஸ் பக்கம் போனார். அதற்குப் பிறகு அவரைக் காணவில்லை.

பெண்களைச் சோதனை போட ஒரு அம்மா இருந்தாள். என்னை இறங்கச் சொல்லி, "கல்யாணப் பொண்ணா, கண்ணு? ஒண்ணும் பயப்படாத" என்று சொல்லிக்கொண்டே குனிந்து கூடையைத் தூக்கினாள். கனம் அவளுக்குச் சொல்லிவிட்டது. முறுக்கை ஒதுக்கினாள். வைக்கோலை விலக்கினாள். என் முகத்தை ஒரு தடவை பார்த்துவிட்டு, சப்-இன்ஸ்பெக்டரைக் கூப்பிட்டாள்.

அவர் வந்தார். கத்தவில்லை. ஒரு பாட்டிலை எடுத்து வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

"யாருது இது?"

 மாப்பிள்ளையின் அண்ணன்தான் முதலில் பேசினார். "எங்களுக்கு ஒண்ணும் தெரியாது சார். எங்க வூட்ல இதெல்லாம் கையால தொடமாட்டோம். பொண்ணு வூட்டு சாமான்."

"யாருதும்மா?" என்று என்னைக் கேட்டார்.

நான் அப்பாவைப் பார்த்தேன். அப்பா மூங்கில் கழியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"உன் காலாண்டதான இருந்துது? அப்ப உன்னுதுதான்" என்று சப்-இன்ஸ்பெக்டர் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார். "பேரு இன்னா?"

"தனலட்சுமி."

"அப்பா பேரு?"

அப்பா எனக்கு ஒரு கை எட்டுகிற தூரத்தில் நின்றார். இன்னும் பேசவில்லை. பஸ்ஸின் ஜன்னல்களிலிருந்து எங்கள் சனங்கள் எல்லோரும் தலையை நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.  நானே சொன்னேன்: "ரங்கசாமி."

அதன் பிறகுதான் அப்பா, "என்னுது சார். பொண்ணுக்கு ஒண்ணும் தெரியாது" என்றார்.

அப்பாவை அழைத்துப் போய்க் கொட்டகை பெஞ்சில் உட்கார வைத்தார்கள். மாப்பிள்ளையின் அண்ணன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "நல்ல நேரம் போவுது. அவரு நாளைக்கோ மறுநாளோ ஜாமீன்ல வந்துடுவாரு. பொண்ணு கார்ல ஏறட்டும்."

அப்பாவும், "போம்மா, ஏறு" என்றார். அம்மா பஸ்ஸிலிருந்து ஓடி வந்து என் தோளைப் பிடித்துக் காரை நோக்கித் தள்ளினாள். கல்யாணம் நின்றால் என்ன ஆகும் என்று அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும். எனக்கும் தெரியும்.

"யாரு கேட்டு வாங்கினதுன்னு இன்ஸ்பெக்டர்கிட்ட சொல்லுங்க. சொன்னீங்கன்னா ஏறுறேன்" என்றேன்.

மாப்பிள்ளையின் அண்ணன் அம்மாவைப் பார்த்தார். "இப்பவே இப்டி பேசுதே உங்க பொண்ணு" என்றார்.

நான் போய் அப்பா பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன். "எழுந்து போடி" என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார் அப்பா. நான் எழுந்திருக்கவில்லை. கார் கொஞ்ச நேரம் எஞ்சின் ஓடியபடி நின்றது. பிறகு தெற்கே போய்விட்டது.

மறுநாள் கோர்ட்டில் அபராதம் கட்டி அப்பாவை மீட்டார்கள். மாப்பிள்ளை வீட்டாரிடமிருந்து ஒரு வார்த்தை வரவில்லை. அதே மாதத்தில் அவருக்கு வேறு இடத்தில் முடிந்தது என்று கேள்விப்பட்டோம். எனக்கு ஊரில் 'பீரு கூடை' என்று பெயர் விழுந்தது. ஏரிக்கரையில் நடந்து போனால் பின்னால் யாராவது பாட்டில் திறக்கிற மாதிரி வாயால் சத்தம் கொடுப்பார்கள். அதற்குப் பிறகு எங்கள் வீட்டுக்குப் பெண் கேட்டு யாரும் வரவில்லை. பாண்டிச்சேரியில் நர்சிங் படிக்கப் போனதும், சீமைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்றதும் முதல் ஆளாக மனுப் போட்டதும் அதனால்தான். நான் படித்து முடிப்பதற்குள்ளேயே அந்தப் பக்கமும் கடையைத் திறந்துவிட்டார்கள்.

இந்தக் கதையைச் செல்வராஜிடம் கல்யாணத்துக்கு முன்பே சொல்லியிருக்கிறேன். அவரிடம் சொன்ன கதையில், சப்-இன்ஸ்பெக்டர் கேட்டதும் அப்பா உடனே "என்னுது" என்று சொல்லிவிடுவார்.

3

பிரையனின் கிளாஸை வாய்க்குக் கொண்டுபோனேன்.

முதலில் நுரை. பிறகு கசப்பு. நிலவேம்புக் கஷாயத்தை ஆறவைத்துக் குடித்த மாதிரி நாக்கின் அடியில் போய் உட்கார்ந்தது. விழுங்கிய பிறகு கமலா ஆரஞ்சின் தோலைக் கிள்ளினால் வருமே, அந்த வாசனை மூக்கில் ஏறியது. கொஞ்சம் தித்திப்பும் இருந்தது. அது போய் மறுபடியும் கசப்பு, முன்னை விட நிதானமாக.

குமட்டும் என்று எதிர்பார்த்தேன். குமட்டவில்லை. இன்னொரு வாய் குடித்தேன். அப்போதும் ஒன்றும் ஆகவில்லை. அது ஒரு பானம், அவ்வளவுதான். நன்றாகக்கூட இருந்தது. அப்படி இருந்தது எனக்குப் பயத்தைக் கொடுத்தது. இருபது வருஷமாக நான் பல்லைக் கடித்துக்கொண்டு வெறுத்தது இதையா? இது இல்லையென்றால் எதை?

எல்லோரும் காத்திருந்தார்கள். ஏதாவது சொல்ல வேண்டுமே என்று, "கசக்கிறது" என்பதை ஆங்கிலத்தில் சொன்னேன். "இட் இஸ் பிட்டர்." குறை சொல்லத்தான் சொன்னேன். ஆனால் அந்த ஊரில் அந்தச் சொல் பியருக்கே ஒரு பெயர், பாராட்டும்கூட. பிரையன் முகம் மலர்ந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார். கை தட்டினார்கள். சுதாவுக்கு நான் எந்த அர்த்தத்தில் சொன்னேன் என்று தெரியும். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்து முடியாமல் மேசையில் முகத்தைக் கவிழ்த்துக்கொண்டாள்.

கால்வாய் ஓரமாக வீட்டுக்கு நடந்தோம். பத்து நாள் கழித்து அவள்தான் முதலில் பேசினாள்.

"ஏம்மா குடிச்சே?"

சொன்னேன். முள்ளோடை, கூடை, சோதனை போட்ட அம்மா, கார். அவளுக்குப் புரிகிற தமிழிலும், தமிழ் எட்டாத இடத்தில் ஆங்கிலத்திலும். வழக்கம்போல, அப்பா உடனே ஒத்துக்கொண்டார் என்றுதான் சொன்னேன். சுதா குறுக்கே பேசாமல் கேட்டுக்கொண்டு வந்தாள். பாலத்தருகே நின்றாள்.

"போலீஸ்காரர் உன் பேரை ஏன் கேட்டார்? தாத்தாதான் உடனே சொல்லிட்டாரே?"

 சப்-இன்ஸ்பெக்டர் பெயர் கேட்டதை அவளிடம் சொல்லிவிட்டிருந்தேன். செல்வராஜிடம் அதை விட்டுவிட்டுத்தான் சொல்லியிருக்கிறேன்.

"கொஞ்ச நேரம் கழிச்சுதான் சொன்னார்" என்றேன்.

"ஹவ் லாங்?"

"நட. மழை வருது."

அவள் என்னைப் பார்த்தபடியே சற்று நின்றுவிட்டு நடந்தாள். சனிக்கிழமை வேலைக்குப் போகலாம், லேபிளோடு நிறுத்திக்கொள்ள வேண்டும், பொய் மட்டும் கூடாது என்று வீட்டு வாசலில் சொன்னேன். சரி என்றாள். அடுத்த நிமிஷமே, பொங்கலுக்கு நான் ஊருக்குப் போகும்போது தானும் வருகிறேன் என்றாள். நான்கு வருஷமாக வரமாட்டேன் என்று அடம்பிடித்தவள்.

4

அவளுக்கு விசா எடுக்கப் போன இடத்தில், அம்மா பிறந்த இடம் என்கிற கேள்வியில் குமாஸ்தா பேனாவை நிறுத்திவிட்டார். நான் பிறந்தபோது பாகூர் பிரெஞ்சுக்காரர்கள் கையில் இருந்தது. "நீங்கள் பிரான்சில் பிறந்தவரா?" என்றார். இல்லை, பாகூரில். "பாகூர் பிரான்சில் இருக்கிறதா?" சுதா என் பக்கத்தில் நின்று, "அம்மா, நீ எந்த ஊர்தான்?" என்று காதில் சொன்னாள். அரை நாள் அங்கேயே போயிற்று.

ஊரில் அப்பா தளர்ந்திருந்தார். அம்மா போனதிலிருந்து தனியாகத்தான் இருக்கிறார். ஒரு கண்ணில் ஆபரேஷன் ஆகியிருந்தது. பேத்தியைக் கண்டதும் கழனியைக் காட்ட வேண்டும் என்று மறுநாள் காலையிலேயே மோட்டார்க் கொட்டகைக்குக் கூட்டிப் போனார். கரும்பு வெட்டு நடந்துகொண்டிருந்தது. நானும் பின்னால் போனேன். வந்த நாளிலிருந்து சுதா ஏதோ சொல்லிப் பார்த்துக்கொள்வது போல் உதட்டை அசைத்துக்கொண்டிருந்தாள். தமிழில் ஒரு வாக்கியத்தைச் சேர்த்துக்கொண்டிருக்கிறாள் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. எந்த வாக்கியம் என்பதும் தெரிந்தது.  தடுக்க வேண்டும் என்று நினைத்தேன். தடுக்கவில்லை.

அப்பா தொட்டியில் தண்ணீர் கொட்டுவதைக் காட்டிக்கொண்டிருந்தார்.

"தாத்தா, அன்னிக்கு போலீஸ்கிட்ட நீங்க ஏன் லேட்டா சொன்னீங்க?"

மோட்டார்ச் சத்தத்தில் அவருக்குக் கேட்கவில்லை. "இன்னா கண்ணு?" என்றார். அவள் உரக்க, அதே வாக்கியத்தை ஒரு சொல் மாறாமல் திரும்பச் சொன்னாள்.

அப்பா என்னைப் பார்த்தார். பிறகு மெதுவாகக் கொட்டகைக்குள் போய் மோட்டாரை நிறுத்தினார். தண்ணீர் சுருங்கிச் சொட்டாகி நின்றது. தூரத்தில் கரும்பு வெட்டுகிற சத்தம் மட்டும். அவர் வெளியே வந்து தொட்டி விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

"பயம், கண்ணு" என்றார். "என்ன புடிச்சா வுடமாட்டானுங்க, உள்ள வச்சிடுவானுங்க. கல்யாணப் பொண்ணு ஆச்சே, அவள வுட்டுடுவானுங்கன்னு பாத்தேன். அவளே தன்னுதுன்னு சொல்லிடுவா, அதோட போயிடும்னு வாய மூடிகினு நின்னேன். எம்பேர அவ சொன்னா பாரு, அதுக்கப்பறம் என்னால நிக்க முடியல."

அவர் பேசியது வேகமான ஊர்ப் பேச்சு. சுதாவுக்குப் பாதிக்கு மேல் பிடிபடவில்லை. என் பக்கம் திரும்பினாள். "தாத்தா என்ன சொன்னார்?" என்று ஆங்கிலத்தில் கேட்டாள்.

பயந்துபோய்விட்டாராம் என்று மட்டும் சொல்லியிருக்கலாம். அதுவும் பொய் ஆகாது. அவள் தன் தாத்தாவை எப்படி நினைத்துக்கொண்டு விமானம் ஏறப் போகிறாள் என்பது அந்த நேரத்தில் என் வாயில் இருந்தது. அப்பா எங்கள் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

அவர் சொன்னதைச் சொன்னபடியே ஆங்கிலத்தில் சொன்னேன். ஒன்றையும் குறைக்கவில்லை, மெதுவாக்கவும் இல்லை.  சுதா அப்பாவைப் பார்க்கவில்லை, என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அவகிட்ட இன்னா சொன்ன?" என்றார் அப்பா.

"நீ சொன்னதத்தாம்பா."

"எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையும்."

தலையை ஆட்டினார். ஆபரேஷன் ஆன கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. அது எப்போதும் வழிகிற கண்தான். துண்டால் துடைத்துக்கொண்டார்.

"தெரியட்டும்" என்றார். "நீ கேப்ப, நீ கேப்பன்னு இத்தினி வருசமா பாத்துகினே இருந்தேன்."

 சுதா என் கையைத் தொட்டு, இப்போது என்ன சொன்னார் என்று மறுபடியும் கேட்டாள்.

அதையும் சொன்னேன்.